அன்செலோட்டிக்கு என்ன தெரியும்?

நேற்று சாயங்காலம் மன்னார்குடியில் டீக்கடை வாசலில் ஒரு சண்டை. "பிரேசிலுக்குப் போய் இத்தாலிக்காரனா? அந்த ஆளுக்கு என்ன தெரியும்? நல்ல ஆட்டக்காரனா வாங்கிக் குடுத்தா நான்கூட கப்பு அடிப்பேன் மாமா" என்றான் மாப்பிள்ளை முறை ஒருத்தன். பிரேசில் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராகப் போன கார்லோ அன்செலோட்டியைத்தான் சொன்னான். அவன் பார்சிலோனா கட்சி, அன்செலோட்டி அதன் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டுக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்தவர், ஆகவே பாதி வயிற்றெரிச்சல். மீதிப் பாதிக்காவது பதில் சொல்லலாமே என்று ஆரம்பித்தேன், டீ ஆறிப்போச்சு, அவனும் வண்டியை எடுத்துவிட்டான். அங்கே விட்டதை இங்கே எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்செலோட்டி 1959இல் ரெஜ்ஜோலோ என்ற ஊரில் பிறந்தவர். நமக்குக் காவிரி போல அந்தப் பக்கத்துக்குப் போ ஆறு. மாடு வைத்துப் பால் கறந்த விவசாயக் குடும்பம், பாலாடைக்கட்டிதான் வருமானம். அந்த ஊர்ப் பார்மிசான் கட்டி பக்குவமாக ஒரு வருஷமாவது ஆகும். இன்றைக்குக் கறந்த பாலுக்கு அடுத்த வருஷம்தான் காசு. ஆலைக்குக் கரும்பை வெட்டி அனுப்பிவிட்டுக் காத்துக்கிடந்தவர்களுக்கு அந்த வீட்டின் பொறுமை எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பார்மா கிளப்பில் ஆட ஆரம்பித்து, 1979இல் ரோமா கிளப்புக்குப் போனார். 1981இல் முட்டி போனது. அடுத்த வருஷம் இத்தாலி உலகக் கோப்பையை ஜெயித்தபோது அணியில் இவர் இல்லை. 1983இல் ரோமாவோடு லீக் பட்டம். அதே வருஷக் கடைசியில் மறுபடி முட்டி. 1984இல் ஐரோப்பியக் கோப்பை (கிளப்புகளுக்கானது, பிற்பாடு சாம்பியன்ஸ் லீக் ஆனது) இறுதி ஆட்டம் ரோமாவின் சொந்த மைதானத்திலேயே நடந்தது, பெனால்டியில் லிவர்பூலிடம் தோற்றார்கள், அதிலும் இவர் ஆடவில்லை. எனக்கும் முட்டி போனது என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கூட ஆடிய பயல்கள் ஓடுவதைப் பார்க்கிறபோது முதல் மாசம் பொறாமைதான் வரும். அப்புறம் ஒரு நாள், பந்து இருக்கிற இடத்தை விட்டுவிட்டுப் பந்து இல்லாதவன் எங்கே நிற்கிறான் என்று கண் தானாகத் தேட ஆரம்பிக்கும். நடுக்கள ஆட்டக்காரரான அவருக்கு அந்தப் படிப்பு இரண்டு தடவை கிடைத்தது.

1987இல் மிலான் கிளப்பின் பயிற்சியாளர் அரிகோ சாக்கி இவரை அங்கே அழைத்தார். 1989, 1990 என்று தொடர்ந்து இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள். 1992இல் பூட்ஸைக் கழற்றினார். 1994 உலகக் கோப்பையில் இத்தாலி அணியில் அதே சாக்கிக்கு உதவிப் பயிற்சியாளர், இறுதி ஆட்டத்தில் பிரேசிலிடம் பெனால்டியில் தோல்வி. அந்தப் பிரேசில்தான் 2025 மே மாதம் இவரை வேலைக்கு வைத்தது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. 1995இல் ரெஜ்ஜானா அணிக்குப் பயிற்சியாளராகி ஒரே வருஷத்தில் முதல் டிவிஷனுக்கு ஏற்றிவிட்டு, பார்மாவுக்கு வந்தார். மனசு முழுக்க சாக்கி. தடுக்க நான்கு பேக், நடுவில் நான்கு ஹாஃப், முன்னால் இரண்டு ஃபார்வர்டு, இதில் இம்மி பிசகக் கூடாது. ஜான்ஃபிராங்கோ சோலா என்ற மந்திரக் காலை இடது ஓரத்துக்குத் தள்ளினார். சோலா பொறுக்காமல் 1996 நவம்பரில் செல்சிக்குப் போய், அந்த சீசனிலேயே இங்கிலாந்தின் கால்பந்து எழுத்தாளர்கள் தரும் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அடுத்த வருஷம் இத்தாலியின் பெரிய நட்சத்திரம் ரொபெர்த்தோ பாஜியோ பார்மாவுக்கு வர இருந்தார். ஃபார்வர்டுக்குக் கொஞ்சம் பின்னால் ஆடுவேன் என்றார். என் அமைப்பில் அந்த இடமே இல்லை என்று இவர் வேண்டாம் சொன்னார். பாஜியோ பொலோஞ்ஞாவுக்குப் போய் அந்த சீசன் லீக்கில் மட்டும் 22 கோல் போட்டார்.

பாஜியோவையே வேண்டாம் என்ற மடத்தனம்! அதைப் பிற்பாடு தானே வாய்விட்டு ஒப்புக்கொண்டார். அதனால்தான் இந்த மனுஷனை எனக்குப் பிடிக்கிறது.

நான் யார் இதைச் சொல்ல? பாமணியாற்றங்கரைப் பக்கம் ஒரு ஊர்த் திடலில் இருபது பயல்களுக்கு சனி ஞாயிறு பந்து சொல்லிக்கொடுக்கிறவன், அவ்வளவுதான். தை அறுப்பு முடிந்த வயலில் ஆடலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கதிர் நிற்கும்போதே உளுந்து தெளித்துவிடுகிற ஊரில் வயலில் எங்கே கால் வைப்பது? கோடையில் ஆறு வற்றினால் படுகைதான் எங்கள் மைதானம். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் மறுபடி திடல்.

போன வருஷம் ஒரு பையன் இருந்தான். எட்டாம் வகுப்பு, வத்தக்காய்ச்சி உடம்பு. பந்து காலுக்கு வந்தால் மூன்று பேரையாவது டாட்ஜ் அடிக்காமல் விடமாட்டான். நான்காவது ஆள் பிடுங்கிவிடுவான். "பாஸ் போடுறா, பாஸ் போடுறா" என்று என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதிராம்பட்டினம் பக்கம் அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் தொடருக்குப் போனபோது, புத்தி வரட்டும் என்று அவனை பேக்கில் போட்டேன். மூன்று கோல் வாங்கினோம். எல்லார் முன்னாடியும் அவனைத் திட்டினேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும். வாலிபால் ஆடப் போகிறான் என்று பயல்கள் சொன்னார்கள்.

அன்செலோட்டி 1999இல் யுவெண்டஸுக்கு வந்தபோது, பன்றியால் பயிற்சியாளராக முடியாது என்று அந்த அணி ரசிகர்களே பேனர் பிடித்தார்கள். அங்கே பிரான்ஸின் நடுக்கள மேதை ஜிதான் இருந்தார். ஜிதானை ஓரத்துக்குத் தள்ள முடியுமா? முதல் முறையாக அமைப்பைக் கலைத்து ஆளுக்கு இடம் செய்தார். இருந்தும் இரண்டு வருஷமும் இரண்டாம் இடம்தான். 2000இல் சீசனின் கடைசி ஆட்டம், பெருஜியாவில் இடைவேளையில் பேய்மழை. ஐப்பசி அடைமழையில் வயல் நிற்குமே, மைதானம் அப்படி நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து ஆடவைத்தார்கள். 1-0 தோல்வி, ஒரே ஒரு புள்ளியில் பட்டம் லாசியோவுக்கு.

அப்புறம் மிலானுக்கே பயிற்சியாளராக வந்தார். அங்கே நடுக்கள ஆட்டக்காரர் பிர்லோ கதை எல்லாருக்கும் தெரியும். தடுப்புக்கு முன்னால் நின்று ஆடுகிறேனே என்று அவராகக் கேட்டார், இவர் சரி என்றார். பார்மாவில் இருந்த அன்செலோட்டி அந்தக் கேள்வியைக் காதிலேயே வாங்கியிருக்க மாட்டார். 2003இல் சாம்பியன்ஸ் லீக், 2007இல் இன்னொன்று. நடுவில் 2005 இஸ்தான்புல்லில் பாதி ஆட்டத்தில் 3-0 என்று முன்னிலை பெற்றுத் தோற்ற கொடுமையும் உண்டு, மாப்பிள்ளை அதை விடாமல் சொல்லிக்காட்டுவான். சொல்லட்டும்.

ரியல் மாட்ரிட்டில் 2014இல் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த டி மரியாவை நடுக்களத்துக்கு இழுத்தார், சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். மாட்ரிட்டுக்கு இரண்டாவது தடவை போனபோது வினீசியஸ் என்ற பிரேசில் பையன் இருந்தான். எல்லாரையும் கடந்து போவான், கோல் முன்னால் சொதப்புவான், ஊரே சிரித்தது. அவன் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை இவர். 2021-22 சீசனில் 22 கோல், லிவர்பூலுக்கு எதிரான இறுதியில் ஒரே கோல் அவனுடையது. ஃபார்வர்டு பென்சிமா போன பிறகு 2023இல் நடுக்களப் பையன் பெல்லிங்காமை முன்னே தள்ளினார், லீக்கில் 19 கோல். பயிற்சியாளராக மொத்தம் ஐந்து சாம்பியன்ஸ் லீக், ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீக்கிலும் பட்டம். இத்தனையும் அதிர்ஷ்டம் என்றால் அந்த அதிர்ஷ்டத்துக்கு நல்ல ஞாபகசக்தி.

குறையே இல்லையா? உண்டு. ஜெர்மனியின் பயர்ன் அணியில் பயிற்சி போதவில்லை என்ற முணுமுணுப்பு வெளியே வந்தது, 2017 செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாப்போலியிலும் முடிவு அதேதான். 2025இல் ஆர்சனல் இரண்டு ஆட்டத்திலும் அடித்தபோது மாட்ரிட் சோர்ந்து கிடந்ததை நானே பார்த்தேன். கையைப் பிடித்து இழுத்துப்போக வேண்டிய அணிக்கு இவர் சரிவர மாட்டார்.

ஆளைப் பார்த்து இடத்தை மாற்றுவது நம்ம ஊர்க்காரர்களுக்குப் புதுசும் இல்லை. பள்ளி வாத்தியாராக இருந்து இந்திய அணிக்குப் பயிற்சியாளரான ஹைதராபாத் ரஹீம் சாப், 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தலையில் தையல் போட்டிருந்த பேக் ஜர்னைல் சிங்கை ஃபார்வர்டாக நிறுத்தினார். இறுதியில் தென் கொரியாவுக்கு எதிராக அவரும் ஒரு கோல் போட்டார், தங்கம் நமக்கு.

போன வாரம் அந்தப் பையனை உரக்கடை வாசலில் பார்த்தேன். அப்பாவோடு மூட்டை ஏற்ற வந்திருந்தான், வளர்ந்திருந்தான். "ஆறு வத்துனதும் வாடா, முன்னாடியே ஆடு, டாட்ஜ் அடிச்சுக்கோ, நான் ஒண்ணும் சொல்லல" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "பார்க்கலாம் சார்" என்றான்.

முன்னெல்லாம் அண்ணே என்பான்.