மலையில் வண்டி திணறினால் சோக்கை இழுக்கலாமா?

‘லடாக் உயரத்தில் பைக் திணறினால் சோக்கை இழுத்துவிட்டு ஓட்டுங்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தப்பு. அப்படியே நேர்மாறான யோசனை.

சுமார் 5,350 மீட்டர் உயரமுள்ள லடாக்கின் கர்துங் லா கணவாயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில், பெட்ரோல் வருகிற ஜெட்டின் துளை சுருங்குவதில்லையே! காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், முழுசாக எரியாத பெட்ரோலின் கரி முனையில் அப்பியிருக்கும். சோக் இருக்கிற காற்றையும் அடைக்கும். வண்டி இன்னும் மூச்சுத் திணறும். விடியற்காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்ய மட்டும் அதைத் தொட்டால் போதும்.

சரி, என்ன செய்வது? கரியைத் துடைத்து, மெயின் ஜெட்டைச் சிறிய எண்ணுக்கு, அதாவது சிறிய துளை உள்ளதற்கு, மாற்றலாம். ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல் இன்ஜின் ஓடுவது) மட்டும் தகராறு என்றால், அப்போது சேரும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்குருவை அரைச் சுற்று வெளியே திருப்பினால் தேறும். (சில கார்புரேட்டர்களில் இன்ஜின் பக்கம் இருப்பது பெட்ரோல் ஸ்குரு, அதை உள்ளே திருப்ப வேண்டும்.) இழுவை முழுசாகத் திரும்பாது. இறங்கியதும் பழைய ஜெட்டையே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் கொதிக்கும்.