ஒரு லட்ச ரூபாய் ஆல்பம் இல்லாமலே ஆரம்பிக்கலாம்

“மாடலிங் போகணும்னா முதலில் ஒரு லட்சம் செலவழித்து ஆல்பம் எடுக்கணும், இல்லாவிட்டால் ஏஜென்சி திரும்பிக்கூடப் பார்க்காது” என்று அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லைங்க. இதை நம்பி வீட்டு நகையை அடகு வைக்கப் போகும் பிள்ளைகளை நினைத்தால் மனசு பதறுகிறது.

புதியவர்களிடம் ஏஜென்சிகள் பெரும்பாலும் முதலில் கேட்பது டிஜிட்டல்ஸ்தான். மேக்கப் இல்லாமல், உடம்போடு ஒட்டிய சாதாரண டீசர்ட், ஜீன்ஸ் போட்டு, வெறும் சுவருக்கு முன்னால் பகல் வெளிச்சத்தில் எடுக்கும் படங்கள். முகம் நேராக, பக்கவாட்டில், அப்புறம் தலை முதல் கால் வரை. ஃபில்டர் கூடவே கூடாது. போனே போதும். என் தங்கைக்கு ஈரோட்டு வீட்டுத் திண்ணையில் காலை 8 மணி வெளிச்சத்தில் நான்தான் எடுத்தேன். முடியை இழுத்துக் கட்டி ஒன்று, அவிழ்த்துவிட்டு ஒன்று.

காம்ப் கார்டு, அதாவது மாடலுக்கான விசிட்டிங் கார்டு மாதிரி ஒரு அட்டை, அதற்கப்புறம்தான். முன்பக்கம் ஒரு முகப்படம், பின்பக்கம் மூன்று நான்கு தோற்றங்கள், உயரம், அளவுகள். அளவைக் கூட்டிக் குறைத்துப் போடாதீர்கள். திருப்பூர் பனியன் கம்பெனி கேட்லாக் ஷூட்டுக்குப் போனால் சாம்பிள் பீஸ் உங்கள் உடம்பில் சரியாக உட்கார வேண்டும்.

“எங்களிடமே ஆல்பம் எடுத்தால்தான் சேர்ப்போம்” என்று முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல ஏஜென்சி, வேலை வாங்கிக் கொடுத்து அதில்தான் கமிஷன் எடுக்கும்.