ஒன்றாம் வகுப்புக்கு எல்.கே.ஜி. சான்று தேவையில்லை
“எல்.கே.ஜி., யு.கே.ஜி. முடித்த சான்று இல்லாவிட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மாட்டார்கள்” என்று ஓர் அண்ணன் இணையத்தில் எழுதியிருக்கிறார். தவறு. தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்த பிள்ளையை அரசுப் பள்ளியில் நேரடியாக ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். அதற்கு முன் அங்கன்வாடிக்குப் போயிருந்தாலும் சரி, பாட்டியோடு ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாலும் சரி. சேர்க்கைக்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதையே 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. (மீறுகிறவர்கள் மீறத்தான் செய்கிறார்கள், அது வேறு கதை.)

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், அரூர் பக்கம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பும் குடும்பத்தினர் அந்த அண்ணன் எழுதியதைப் படித்தால் பயந்துவிடுவார்கள். ஆறு வயது தாண்டியும் பள்ளிக்கே போகாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது அதே சட்டம். பிறப்புச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது.