பெரியம்மாவின் விரல்நுனி

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர் என் பெரியம்மா. மார்பகப் புற்றுநோய்க்குப் பக்லிடாக்செல் ஏற்றினார்கள். கட்டி கரைந்தது, ஆள் உயிரோடு இருக்கிறார். அந்த மருந்துக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டவர்கள். ஆனால் விரல்நுனி மரத்துப்போனது. கண்ணால் பார்க்காமலே குருத்தையும் முற்றின இலையையும் தொட்டுப் பிரித்த கை அது. இப்போது முந்தானைக்கு ஊக்குக் குத்த மருமகளைக் கூப்பிடுகிறார்.

காரணம் டியூபியூலின் என்ற புரதம். அது கோத்துக் கோத்து, 25 நானோமீட்டர் குறுக்களவுள்ள குழாய்களாக நம் கலங்களுக்குள் நிற்கிறது. கலம் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இழுப்பது இந்தக் குழாய்கள்தான். அதற்கு அவை கட்டவும் வேண்டும், கலையவும் வேண்டும். பக்லிடாக்செல் கலைய விடாது. பிரிய முடியாத புற்றுக்கலம் செத்துப்போகும். சரி, நரம்புக்கலம் பிரிவதே இல்லையே? அங்கே இதே குழாய்தான் தண்டவாளம். முதுகெலும்பு ஓரத்திலிருந்து விரல்வரை அதன்மேல்தான் சரக்குப் போகிறது. மருந்து அந்தத் தண்டவாளத்தையும் பிடிக்கிறது. அதனால் நீளமான நரம்புகள் முதலில் அடிபடுகின்றன.

அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது 1992இல். டியூபியூலினின் அணு அளவிலான வடிவம் வெளிவந்தது 1998இல். இன்றைக்கு அந்த வடிவத்தை யாரும் இலவசமாக இறக்கி, ஓட்டோடொக் வினா போன்ற மென்பொருளில் மருந்தாகக்கூடிய ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைப் பொருத்திப் பார்க்கலாம். பிடிப்பு எவ்வளவு என்று ஓர் எண் வரும்.

எனக்குக் கோபம் அந்த எண்ணோடு நின்றுவிடுகிறவர்கள் மேல்தான். புரதம் அசையாமல் நிற்பதாக வைத்துப் போட்ட கணக்கு பெரும்பாலும் அது. இறுக்கிப் பிடித்தால் நல்ல மருந்து என்று முடித்துவிடுகிறார்கள். பெரியம்மாவுக்கு ஏற்றியதும் இறுக்கித்தான் பிடித்தது.

ஆள் பார்த்துப் பிடிக்கவும் முடியும். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று, சேர் பார்க்க மென்றோமே பூச்சி மாத்திரை, மெபெண்டசோல், அதுவும் டியூபியூலினைத்தான் பிடிக்கிறது. புழுவினுடையதைப் பலமாக, நம்முடையதை லேசாக. டியூபியூலினிலேயே பல வகை உண்டு; மனித நரம்பில் அதிகம் இருக்கும் பீட்டா-3 வகைக்கும் மற்ற வகைகளுக்கும் இடையில் வித்தியாசம் சின்னதுதான். சில புற்றுக்கட்டிகளும் அதே பீட்டா-3ஐக் கூடுதலாக வைத்திருப்பது இன்னொரு சிக்கல். இருந்தாலும் எதைப் பிடிக்க வேண்டும் என்று தேடும்போதே, எதைத் தொடக் கூடாது என்பதையும் முதல் நாளே கணினிக்குச் சொல்ல வேண்டும்.

உயர்தரம் படிக்கிற அக்கா மகளுக்குப் போன கிழமை அந்தப் புரதத்தைத் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டினேன்.

“அம்மாச்சி விரல்ல இருக்கிறதும் இதுதானா மாமா?”

“இதோட இன்னொரு வகை.”

“அப்ப அதையும் பக்கத்துல வைங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.