14 தானாக 16 ஆகாது

தம்பி, உபுண்டு இயங்குதளத்தை 22.04 இலிருந்து 24.04க்கு ஏற்றினால் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் பதிப்பு 14இல் உள்ள தரவெல்லாம் தானாகவே 16க்குப் போய்விடும், உடனே 14ஐ அழித்துவிடலாம் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அப்படி நடக்காது. 16 பழையதற்குப் பக்கத்தில் தனியாகத்தான் நிறுவப்படும், அதுவும் வெறுமையாக. 16.2 இலிருந்து 16.3க்குப் போவது போன்ற சின்ன ஏற்றம் என்றால் சரி, அதே தரவோடு ஓடும். 14 இலிருந்து 16 பெரிய ஏற்றம், 14இன் தரவை 16 அப்படியே திறக்காது.

நம்ப வேண்டாம், பார்த்துக்கொள்ளுங்கள். டெர்மினலில் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்தால் கிளஸ்டருக்கு (ஒரு பதிப்பின் தரவுத்தளங்கள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) ஒன்றாக இரண்டு வரி வரும்: 14க்கு 5432 போர்ட் (இணைப்பு எண்), 16க்கு வழமையாக 5433. கிளிநொச்சியில் ஒரு அரிசி ஆலையின் கணக்குக் கணினியில் நான் பார்த்ததும் இதே இரண்டு வரிதான், 5433க்குள் போய்த் தரவுத்தளப் பட்டியல் கேட்டால் நிறுவும்போதே வரும் போஸ்ட்கிரெஸ், டெம்ப்ளேட்0, டெம்ப்ளேட்1 தவிர ஒன்றும் இல்லை, நெல் கணக்கு முழுக்க 14இலேயே இருந்தது. அன்று 14ஐ அழித்திருந்தால் முதலாளிக்கு யார் பதில் சொல்வது?

மாற்ற வேண்டுமென்றால் முதலில் பிஜி_டம்ப்ஆல் மூலம் பிரதி எடுத்து வேறு டிஸ்கில் வையுங்கள். அப்புறம் 16இன் அந்த வெறும் கிளஸ்டரை, வெறுமைதானா என்று இன்னொருதரம் பார்த்துவிட்டு, நீக்கிவிட்டு பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் கட்டளையை 14க்குக் கொடுங்கள். முடிந்ததும் 16 தான் 5432இல் நிற்கும். கரண்ட் போகிற நேரத்தில் மட்டும் தொடங்க வேண்டாம்.