வெள்ளைக்காரன் தூக்கிக்கொண்டு போகிறானாம்

தங்கச்சிமடத்து டீக்கடையில் ஒருவர் கொதித்துப் பேசிக்கொண்டிருந்தார். நம் பிள்ளைகளை வெள்ளைக்காரன் தத்து என்ற பெயரில் தூக்கிக்கொண்டு போகிறானாம், அரசாங்கம் வேடிக்கை பார்க்கிறதாம். கிட்னிக்காகத்தான் என்றார் பக்கத்தில் இருந்தவர். மதம் மாற்றத்தான் என்றார் இன்னொருவர். "உங்களில் யாராவது தத்துக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். டீ ஆறுகிறது என்று பேச்சை மாற்றிவிட்டார்கள்.

தூக்கிக்கொண்டு போவது அவ்வளவு லேசு இல்லை. லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984இலேயே வெளிநாட்டுத் தத்துக்குக் கடிவாளம் போட்டது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. இன்று எல்லாம் காரா எனப்படும் மத்திய தத்து வள ஆணையத்தின் வழியாகத்தான் நடக்கிறது. தத்துக்குக் கொடுக்கலாம் என்று குழந்தைகள் நலக் குழு அறிவிக்காமல் ஒரு பிள்ளையும் பட்டியலில் ஏறாது. தத்தெடுக்கிறவர்களின் வீடு, வருமானம், உடல்நலம் எல்லாவற்றையும் அவர்கள் நாட்டிலேயே ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். தடையின்மைச் சான்று வேண்டும், மாவட்ட ஆட்சியரின் ஆணை வேண்டும். பிள்ளை போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு அங்கிருந்து அறிக்கை வந்தாக வேண்டும். ரேஷன் கார்டில் ஒரு பெயரைச் சேர்க்கவே நாயாய் அலைகிற நமக்கு இந்த வரிசையின் நீளம் புரியாமலா போகும்?

இதில் முக்கியமானது முன்னுரிமை. முதல் வாய்ப்பு இந்தியக் குடிமக்களுக்கு. அயல்நாட்டவர் கடைசியில்தான் வருகிறார்கள். ஆரோக்கியமான கைக்குழந்தைக்காக நம் தம்பதிகள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்துக் கிடக்கிறார்கள். சிறப்புத் தேவையுள்ள, அதாவது ஊனமோ நோயோ உள்ள குழந்தைகளின் பட்டியலோ திறந்தே கிடக்கிறது. கேட்பார் குறைவு. வெளிநாட்டுக்குப் போகிற அந்தப் பிள்ளை நாம் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் போகிறது. வேண்டாம் என்றவனுக்குப் பறிகொடுத்த வலி எங்கிருந்து வரும்?

அரிச்சல்முனையில் ஒரு இத்தாலியத் தம்பதியைப் பார்த்தேன். அவர்கள் தத்தெடுத்த ஐந்து வயதுப் பையன், நம் நிறம், மூளை முடக்குவாதம். காலில் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் தாங்கி. மணலில் நடக்க வேண்டும் என்று அடம்பிடித்து நடந்தான், விழுந்தான், மறுபடியும் நடந்தான். தாங்கிக்குள் மணல் புகுந்துவிட்டது. அந்த ஆள் அப்படியே தரையில் உட்கார்ந்து பட்டையைப் பிரித்தார், காலுறையை உதறினார், குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். சிவந்திருந்தால் புண்ணாகிவிடுமாம். தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, திரும்ப மாட்டினார். சங்கு மாலை விற்கிற அக்கா ஒருத்தி அதுவரை முறைத்துக்கொண்டிருந்தவள், "பாவம், யார் பெத்த பிள்ளையோ" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பாவப்படும்படி அந்தப் பையனுக்கு அங்கே என்ன குறை?

அதற்காக அவர்களைத் தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. அவனுக்குத் தமிழ் தெரியாது. தன்னைப் பெற்றவள் யார் என்று ஒருநாள் கேட்பான், பதில் கிடைக்காமலும் போகலாம். இழப்பு இழப்புதான். ஆனால் இந்தக் கரையில் அவனுக்கு என்ன காத்திருந்தது என்றும் யோசிக்க வேண்டாமா? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டுப் போனது வெள்ளைக்காரன் இல்லை, சொந்தபந்தம்.

பெற்ற தாயைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். இடுப்பு நிற்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, பிசியோதெரபி பயிற்சி முடித்துத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மீன் கம்பெனியில் அன்றைய கூலி போச்சு. புருஷன் படகில் போயிருப்பான், அல்லது இலங்கைச் சிறையில் இருப்பான். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை இருக்கிறது, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறைப் பயிற்சி இருக்கிறது. அவையெல்லாம் கடைசித் தெருவின் கடைசிக் குடிசை வரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் பாதிப் பிள்ளைகள் தாயிடமே வளரும் என்பது என் எண்ணம். பிள்ளை பிறந்த குடும்பத்திலேயே வளர வழிசெய்வதுதான் முதல் கடமை என்று அந்த ஹேக் உடன்படிக்கையே தன் முகப்பில் சொல்கிறது. டீக்கடைக் கோபத்தை ஆட்சியரின் குறைதீர் நாளில் மனுவாக எழுதிக் கொடுத்தால் நானும் கையெழுத்துப் போடுவேன்.

என் சித்தப்பா மகன் கீழக்கரையில் இருக்கிறான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். காராவில் பதிவு செய்யும்போது சிறப்புத் தேவை என்ற இடத்தில் அவனும் அவன் மனைவியும் நின்றுவிட்டார்கள். காது கேளாத குழந்தை என்றால் என்ன செலவாகும் என்று போன வாரம் எனக்குப் போன் செய்து கேட்டான். சின்ன வயதிலேயே செய்தால் காதுக்குள் கருவி பொருத்துகிற அறுவை சிகிச்சையை முதலமைச்சர் காப்பீட்டிலேயே செய்கிறார்கள் என்று சொன்னேன். அதன் பிறகு பேச்சுப் பயிற்சிக்கு வருடக்கணக்கில் அலைய வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. அவன் மனைவி சரி என்கிறாள். சித்திதான் இன்னும் இறங்கி வரவில்லை. "ஊனப் பிள்ளையை எடுத்து வளர்க்கவா உன்னைப் பெற்றேன்" என்று அழுகிறார். ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பேசுவதாக இருக்கிறது.