ஜூரியில் ஆடையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

ஃபேஷன் டிசைன் படிக்கிறேன் என்று சொன்னால் பாதிப் பேர் "அப்போ நல்லா வரைவீங்களா?" என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் "தையல் கத்துக்கவா இத்தனை வருஷப் படிப்பு?" என்கிறார்கள். முதல் கேள்வியில் மரியாதை இருக்கிறது. இரண்டாவதில் இல்லை. வெளியில் இருப்பவர்கள் இப்படிக் கேட்பதில் எனக்கு வருத்தம் கிடையாது. அவர்கள் எங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. ஆனால் கல்லூரிக்குள்ளேயும் இதே பாகுபாடு இருக்கிறது. வரைகிறவர் டிசைனர், தைக்கிறவர் அவருக்கு உதவியாள் என்கிற எண்ணம் முதல் செமஸ்டரிலேயே எங்களுக்குள் இறங்கிவிடுகிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. மதிப்பெண் பிரிக்கிற விதமும், ஜூரியில், அதாவது எங்கள் ஆடைகளைக் குழுவாகப் பார்த்து மதிப்பெண் போடும் தேர்வில், கேட்கப்படுகிற கேள்விகளும், கேட்கப்படாமலே போகிற கேள்விகளும் சொல்லிவிடுகின்றன.

எங்கள் நேரம் எதில் போகிறது என்று சொல்கிறேன். ஒரு டிசைனுக்கான ஸ்கெட்ச் பெரும்பாலும் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். அதன் பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. அளவெடுத்து, பேப்பரில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான மாதிரி வடிவம் போட்டு, தையலுக்கு ஓரம் விட்டு, வெட்டி, முதலில் விலை குறைந்த மஸ்லின் துணியில் தைத்துப் பார்க்கிறோம். டம்மி என்கிற உடல் வடிவப் பொம்மை மேல் போட்டுக் குண்டூசி குத்தினால் எங்கோ இழுக்கும், எங்கோ தொளதொளக்கும். அங்கங்கே பென்சிலில் குறித்துக்கொண்டு, தையலைப் பிரித்து, பேப்பரைத் திருத்தி, மறுபடியும் மஸ்லின். அது சரியாக உட்கார்ந்த பிறகுதான் உண்மையான துணியில் கத்திரி வைக்கத் துணிவு வரும். இதற்கு நடுவில் அயர்ன் பாக்ஸ் முன்னால் நிற்கிற நேரம் இருக்கிறதே, மெஷின் முன்னால் உட்காருகிற நேரத்துக்கு அது கொஞ்சமும் குறைந்ததில்லை. ஒவ்வொரு தையலையும் போட்ட உடனே அழுத்தித் தேய்க்காமல் அடுத்த தையலுக்குப் போனால், கடைசியில் எவ்வளவு தேய்த்தாலும் அந்த ஆடை நேராக நிற்காது.

ஆடைக்குக் கை வைத்துத் தைப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கையின் மேல் வளைவை, அது போய்ச் சேர வேண்டிய ஆர்ம்ஹோலைவிட, அதாவது ஆடையில் கை பொருத்தும் திறப்பைவிட, கொஞ்சம் நீளமாகத்தான் வரைவோம். சாதாரணச் சட்டைக்கு இந்த அதிகம் குறைவு, கோட்டுக்குக் கூடுதல். தோள்முனை உருண்டையாக இருக்கிறது, அந்த உருண்டைக்குத் துணி வேண்டும். நீளமான வளைவைக் குட்டையான வளைவுக்குள் ஒரு சுருக்கமும் தெரியாமல் அடக்க வேண்டும். பெரிய தையலாக இரண்டு வரிசை ஓட்டி, நூலை மெதுவாக இழுத்து, அதிகத் துணியைத் தோள் பக்கமாகப் பரப்பி, நீராவியில் காட்டி அமர்த்தி, அப்புறம்தான் மெஷின். கம்பளித் துணி சொன்னபடி கேட்கும். நெருக்கமாக நெய்த பருத்தி கேட்காது, முறுக்கிக்கொண்டு நிற்கும். முன்பக்கத்துக்கு ஒரு நாட்ச் (பொருத்துவதற்கான சிறு வெட்டுக்குறி), பின்பக்கத்துக்கு இரண்டு நாட்ச் வெட்டி வைப்பதற்கும் காரணம் உண்டு. இரண்டு பக்க வளைவும் ஒன்றல்ல. மாற்றி வைத்துவிட்டால் கையை முன்னால் நீட்டும்போதெல்லாம் முதுகு பிடிக்கும். கையின் நடுவே ஓடுகிற பாவு நூல் செங்குத்தாகத் தொங்க வேண்டும். அது ஒரு பக்கம் சாய்ந்தால் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் குறுக்காகக் கோடு விழும். ஸ்கெட்ச்சில் இவ்வளவுக்கும் இருக்கிற இடம் ஒரே ஒரு வளைகோடு.

இது கைவேலைதானே, சிந்தனை எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் மாதலேன் வியோனேயைத்தான் காட்டுவேன். சிறுமியாகத் தையல் வேலைக்குச் சேர்ந்தவர். 1912இல் பாரிஸில் சொந்தமாக ஃபேஷன் ஹவுஸ் தொடங்கினார். அவர் காகிதத்தில் தொடங்கியவர் இல்லை. ஒரு சிறிய மரப்பொம்மையின் மேல் துணியைச் சுற்றிச் சுற்றித்தான் டிசைனைக் கண்டுபிடித்தார். பாவுக்கும் ஊடைக்கும் நடுவே 45 டிகிரியில், அதாவது பயாஸில், துணியைத் திருப்பிப் போட்டால் அது தானாக நெகிழ்ந்து உடம்பைத் தழுவும் என்பதை ஒரு முழு ஆடைக்கும் கொண்டுவந்து நிறுத்தியது அவருடைய கை. இன்று நாங்கள் டிரேப்பிங் (டம்மி மேல் துணியைப் போட்டு வடிவமைக்கும்) வகுப்பில் பயாஸ் போட்டுப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் அவர் கண்டதைத்தான் மறுபடி காண்கிறோம். தைக்கிறவர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறையும் மருத்துவ வசதியும் தன் தொழிலகத்திலேயே ஏற்படுத்தியவரும் அவர்தான். தைத்துப் பழகிய ஒருவருக்கு அது தோன்றியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆன் லோ பற்றியும் எழுதியே ஆக வேண்டும். அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பெண். அம்மாவும் பாட்டியும் தையல்காரர்கள். 1917இல் நியூயார்க்கில் ஒரு டிசைன் பள்ளியில் சேர்ந்தபோது, மற்ற மாணவிகளோடு உட்கார விடாமல் அவரைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். அவர் தைத்ததை மட்டும் எடுத்துப் போய் மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டினார்கள். 1953இல் ஜாக்குலின், ஜான் கென்னடியைத் திருமணம் செய்தபோது உடுத்திய கவுன் அவர் செய்தது. திருமணத்துக்குச் சில நாட்களுக்கு முன்னால் அவருடைய பட்டறையில் தண்ணீர் புகுந்து, கவுனும் தோழிகளின் உடைகளில் பலவும் பாழாகின. வெளியே சொல்லாமல், நஷ்டத்தைத் தானே ஏற்று, தன் குழுவோடு அத்தனையையும் மறுபடி தைத்துக் கொடுத்தார். உலகமே அந்தக் கவுனின் படத்தைப் பார்த்தது. அப்போது வந்த செய்திகளில் பெரும்பாலானவற்றில் அவர் பெயர் இல்லை. பாரிஸில் சார்ல்ஸ் ஃபிரெடரிக் வொர்த் 1858இல் கடை தொடங்கியது எப்படி, ஆடைக்குள் தன் பெயர் லேபிளை எப்படித் தைத்தார் என்றெல்லாம் எங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்தோம். ஆன் லோவை நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தனி அறை என்பதைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

எங்கள் தையல் லேபில் ஒரு மாஸ்டர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு, எந்த ஊசி போட வேண்டும், தையல் எவ்வளவு நெருக்கம் வேண்டும் என்று சொல்லிவிடுவார். மெஷின் நூலை அறுத்துக்கொண்டே இருந்தால் நாங்கள் அடிநூல் சுற்றிய பாபினைக் குறை சொல்வோம். அவர் வந்து ஊசியைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டுப் போவார். "துணியை இழுக்காதம்மா, அது தானா போகும். நீ வழி மட்டும் காட்டு" என்பார். நான் இந்தக் கல்லூரியில் கற்றதில் பெரும்பகுதி அவரிடம் கற்றதுதான், இதை எங்கு வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் ஜூரி அன்று அவருக்கு நாற்காலி கிடையாது. மதிப்பெண் போடும் உரிமை கிடையாது. லேப் கதவு பக்கம் நின்று, தான் சொல்லிக் கொடுத்த ஒவ்வொரு கையும் ஒவ்வொரு காலரும் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே ஜூரியில் பேச்செல்லாம் மூட்போர்டு (டிசைனுக்குத் தூண்டுதலான படங்களின் தொகுப்பு) பற்றியும் கான்செப்ட் பற்றியும் நடக்கும். யாரும் ஆடையை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பதில்லை.

கான்செப்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரைவதும் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஸ்கெட்ச்சில் நாங்கள் வரைகிற உருவத்தைப் பாருங்கள். ஒரு மனிதரின் உயரம் அவருடைய தலையைப் போல ஏறக்குறைய ஏழரை மடங்கு. ஃபேஷன் ஸ்கெட்ச்சில் அதை ஒன்பது, பத்து மடங்காக நீட்டுகிறோம். அந்தக் காலுக்கு எந்தப் பாவாடையும் அழகாகத்தான் விழும். பிறகு டம்மிக்கு வருகிறோம். டம்மியின் அளவுகளுக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் பெண்களின் ஆடை அளவுகளைத் தரப்படுத்துவதற்காக ஏறக்குறைய 15,000 பெண்களிடம் ஆளுக்கு 59 அளவுகள் எடுத்து, 1941இல் அறிக்கை வெளியிட்டார்கள். வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. ரெடிமேட் ஆடை ஒன்று நமக்குச் சரியாக இல்லாதபோது நம் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று எத்தனை பேர் நினைத்துக்கொள்கிறோம்! லேபில் தோழிகள் ஒருவர் மேல் ஒருவர் ஃபிட்டிங் பார்க்கும்போதுதான் தெரிகிறது, இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருக்கிற ஆள் அபூர்வம் என்று. மாஸ்டர் தூரத்தில் இருந்தே "இந்தப் பொண்ணுக்கு வலது தோள் இறக்கம்" என்று சொல்வார். அந்தக் கண் எந்தச் சிலபஸிலும் இல்லை.

இன்னொன்று, தூக்கம். ஜூரி வாரத்தில் "ரெண்டு நாளா தூங்கல" என்பதை எங்களில் பலர் பதக்கம் மாதிரி அணிந்துகொள்கிறோம். ஆசிரியர்களும் அதைப் பெருமையாகக் கேட்டுக்கொள்கிறார்கள், தங்கள் காலத்துக் கதையைச் சேர்த்துச் சொல்கிறார்கள். எனக்கு இது பயமாக இருக்கிறது. இண்டஸ்ட்ரியல் மெஷின் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தையல் போடக்கூடியது. தூக்கக் கலக்கத்தில் விரல் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்த ஆபத்தைவிடவும் என்னை உறுத்துவது வேறு. தூங்காமல் தைப்பது சாதாரணம் என்று இங்கே பழகியவர்கள், நாளை வேலைக்குப் போய் கடைசி நேரத்தில் ஒரு காலரை மாற்றச் சொல்லி மெயில் அனுப்பும்போது, அந்த மாற்றத்தை யார், எந்த இரவில் தைப்பார்கள் என்று யோசிப்பார்களா?

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் டாக்கா அருகே சாவாரில் ராணா பிளாசா இடிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. கீழ்த் தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். ஆர்டர் தேதி தவறக்கூடாது என்கிற நெருக்கடி அந்த அழைப்புக்குப் பின்னால் இருந்தது. நாங்கள் இதை 'சஸ்டெய்னபிலிட்டி' பாடத்தில், தண்ணீர்ச் செலவுக்கும் மறுசுழற்சிக்கும் நடுவே, போகிற போக்கில் படித்தோம். அந்த வகுப்பு முடிந்து நேராகத் தையல் லேபுக்குப் போனோம். இறந்தவர்கள் பார்த்ததும் அதே வேலைதான், கை வைப்பது, காலர் திருப்புவது, பட்டன் கட்டுவது. இதை யாராவது அங்கேயே, மெஷின் முன்னால் நின்று சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நாங்கள் சில பேர் சேர்ந்து கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். தையல் லேப் மாஸ்டரும் பேட்டர்ன் ஆசிரியரும் ஜூரியில் உட்கார்ந்து மதிப்பெண் போட வேண்டும். ஆடையின் உள்பக்கத்துக்கும், மஸ்லினில் செய்த திருத்தங்களுக்கும் தனி மதிப்பெண் வேண்டும். ஆண்டுக் காட்சியில் டிசைனர் பெயரோடு பேட்டர்ன் வெட்டியவர், தைத்தவர், எம்ப்ராய்டரி போட்டவர் பெயரும் அச்சில் வர வேண்டும். பல சமயம் பட்டப்படிப்பு கலெக்‌ஷனுக்கு வெளியில் இருந்து ஆட்களை வைத்துத் தைக்கிறோம். அதில் தவறில்லை, ஆனால் அவர்கள் பெயர் எங்கும் இல்லை என்பது தவறு. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தையல் தொழிற்சாலையில் சில வாரங்களாவது லைனில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், சுற்றிப் பார்த்துவிட்டு வருவது போதாது. லேபை இரவில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பூட்டிவிட வேண்டும், அதற்குத் தகுந்தபடி அசைன்மென்ட் தேதிகளைப் பாட ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசி வைக்க வேண்டும். கடைசிக் கோரிக்கைக்கு எங்கள் வகுப்பிலேயே எதிர்ப்பு இருக்கிறது. பூட்டினால் வேலை முடியாது என்கிறார்கள். முடியாத அளவுக்கு வேலை கொடுப்பதுதான் பிரச்சினை என்று நான் நினைக்கிறேன், அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வேறு கல்லூரிகளில் தையல் ஆசிரியர்கள் ஜூரியில் உட்காருகிற வழக்கம் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். எத்தனை மதிப்பெண் அவர்கள் கையில், எந்த வருடத்து மாணவர்களுக்கு, என்ன மாற்றம் வந்தது என்று விவரமாகச் சொன்னால் கடிதத்தோடு இணைத்துக் கொடுப்போம். படித்து முடித்து வேலையில் இருக்கிற அண்ணன்கள், அக்காக்கள் சொல்வதற்கு நிர்வாகத்திடம் கூடுதல் மதிப்பு இருக்கும், நீங்களும் எழுதுங்கள். மாஸ்டருக்கு இந்தக் கடிதம் பற்றி இன்னும் தெரியாது. கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் படித்துக்காட்டிவிட்டு, அவர் சம்மதித்தால்தான் அவரைப் பற்றிய பகுதியை வைப்போம்.